நான் வாசிக்காமல் விட்ட பத்தி

அத்தா,

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்துதான் பேனாவைத் திறந்திருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வரும்படி எதையும் மாற்ற மாட்டேன். எதையும் விட்டுவிடவும் மாட்டேன். விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு என்று இப்போது எனக்குத் தெரியும்.

நம் ஊர் நூலகத்தில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உயிரியல் பாடத்துக்கு ஒரு படம் தேடிப் பழைய அறிவியல் இதழ்களை அடுக்கிலிருந்து இழுத்தேன். போன வருடத்து இதழ் ஒன்றிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. விரல் அகலம், பழுப்பு நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. இன்ஜினின் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமலிருக்க நீங்கள் வெட்டி வைக்கும் பேக்கிங் தாள். மிஞ்சிய துண்டுகளைத்தான் நீங்கள் படிக்கும் எதற்கும் அடையாளமாக வைப்பீர்கள். டீசல் வாசம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. எண்ணெய்க் கறை காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கப் பயமாக இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பிறகு அந்த இதழைத் திறக்கிறேன்.

முதலில் உங்கள் வலது கைதான் பலமிழந்தது. படகு இன்ஜின் ஒன்றுக்குள் நீங்கள் குனிந்திருந்தபோது ஸ்பானர் நழுவி விழுந்தது. எடுத்தீர்கள், மறுபடி விழுந்தது. மேலே நின்றிருந்த படகுக்காரர் சிரித்தார். "என்ன பாய், கையில வெண்ணெயத் தடவிக்கிட்டு வந்தீங்களா?"

"ஸ்பானருக்கு எம்மேல கோவம். ரெண்டு நாளா பேச்சுவார்த்தை இல்ல," என்றீர்கள்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த உங்கள் மகள் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்று நீங்கள் இடது கையால் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்துத்தான் நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். உத்தரவு வராத தசை மெலிந்துபோகும். முழுதாக நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தள்ளிப்போட மாத்திரை உண்டு. திரும்பும் வழியில், அறந்தாங்கியில் பஸ் மாறும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீங்கள் என்னைப் பார்த்து, "ஒனக்குத்தான் புஸ்தகம்னா உசுராச்சே, இது என்னா ஏதுன்னு தேடிச் சொல்லு," என்றீர்கள். எனக்கு வேலை கொடுத்தால் நான் அழ மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் தேடினேன். நான்கு வாரம் தேடி இந்த இதழைக் கண்டுபிடித்தேன். பழுதான தன் பாகங்களைச் செல் தானே தின்று, அந்தப் பொருளைக் கொண்டே புதிதாகக் கட்டிக்கொள்ளும் வேலையைப் பற்றி அதில் ஒரு கட்டுரை இருந்தது. 'தன்னுண்ணல்' என்று போட்டிருந்தது. தேய்ந்ததையும் உடைந்ததையும் ஒரு பைக்குள் கட்டி, கரைக்கும் சாறு நிறைந்த இன்னொரு பையோடு சேர்த்துவிடும். நரம்பு செல்கள் ஆயுள் முழுக்க மாறாமல் இருப்பவை. அவற்றில் இந்த வேலை தடைப்பட்டால் புரதக் கட்டிகள் குப்பை மாதிரி சேரும். உங்கள் நோயிலும், ஞாபகம் அழியும் நோயிலும், கை நடுங்கும் நோயிலும், சில தசை நோய்களிலும் அப்படித்தான் நடக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பட்டினி கிடந்தால் இந்த வேலை வேகம் பிடிக்கும் என்றும் எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்தபோது ரமலான் நோன்பு வர ஒரு வாரம்தான் இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே சண்டை. நோன்பு வைத்தே தீருவேன் என்று நீங்கள். கூடாது என்று அம்மா.

"நோயாளிக்கு நோன்பு இல்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாப் போதுமாம். அல்லாவே விட்டுக்குடுத்திருக்கான், ஒங்களுக்கு மட்டும் என்ன வீம்பு?"

"விட்டுக்குடுத்தது முடியாதவனுக்கு. எனக்கு முடியும்."

"முடியும்! சட்டப் பொத்தான் போட முடியல. நோன்பு முடியுமாம்."

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். அந்த முகத்தைத் தாங்க முடியாமல்தான் நான் பையிலிருந்து இதழை எடுத்தேன்.

"இந்தா, நம்ம வீட்டு வக்கீலு வந்துட்டா. வாதாடும்மா," என்று நிமிர்ந்தீர்கள்.

நான் வாசித்தேன். வரி வரியாக விளக்கினேன். உங்கள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப செல்லுக்குள்ள ஒரு ஒர்க்‌ஷாப் இருக்குன்னு சொல்லு. கண்டம்னு ஒதுக்குன இன்ஜினப் பிரிச்சு, நல்ல சாமானை எடுத்து வேற இன்ஜினுக்குப் போடுறோமே, அதானே?"

"அதேதான் அத்தா."

கொஞ்சம் யோசித்தீர்கள். "ஆனா பிரிச்சுப் போட்ட சாமானக் கழுவணும்ல? கழுவுற தொட்டி அடைச்சுக் கெடந்தா, மேல மேல பிரிச்சுப் போட்டு என்னா பிரயோசனம்? கடைதான் நெறஞ்சு போகும்."

அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

இப்போதுதான் நான் எழுத வேண்டிய இடம் வருகிறது. கட்டுரையில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. முன்பே அதைப் படித்திருந்தேன். பட்டினி பற்றிய சோதனைகள் பெரும்பாலும் ஈஸ்ட்டிலும் எலியிலும் செய்யப்பட்டவை. சில நோய்களில் கரைக்கும் பை பழுதாக இருப்பதால் வேகம் கூடினால் தேக்கமே கூடும். தசை தன்னையே அளவுக்கு மீறித் தின்பதும் கேடு. நோயாளிகள் தாமாக உணவைக் குறைப்பது ஆபத்து. நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அதில்தான் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. இதழை மடித்துவிட்டேன்.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டீர்கள்.

"அம்புட்டுத்தான் அத்தா."

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்புகிறவள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நெசமாவே புஸ்தகத்துல போட்டிருக்கா? நோன்பு வச்சா நரம்பு சுத்தமாகும்னு?"

"போட்டிருக்கும்மா."

"அப்பச் சரி," என்றாள் அம்மா. நீங்கள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே, "இதழ இங்கிட்டு வச்சிட்டுப் போ," என்றீர்கள். நான் வைத்துவிட்டுப் போனேன்.

பதினேழு நோன்பு வைத்தீர்கள். விடியுமுன் சாப்பிடும் நேரத்தில் அம்மா ஊட்டிவிட, மெல்ல மெல்ல விழுங்குவீர்கள். பாதித் தட்டு முடிவதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிடும், அதற்குமேல் சாப்பிட முடியாது. மாலையில் பள்ளிவாசல் கஞ்சியை நான் தூக்குவாளியில் வாங்கி வருவேன். "இன்னைக்கு எத்தன செல்லு கழுவியிருக்கும் வக்கீலு?" என்று கேட்பீர்கள். "ஒரு லட்சம்," என்பேன். சிரிக்கும்போது உங்கள் கன்ன எலும்பு தெரியும். நான் அதை நோன்பின் களை என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்ள முயன்றேன்.

பதினெட்டாம் நாள் உங்களால் எழுந்து உட்கார முடியவில்லை.

டாக்டர் உங்களை எடை பார்க்கும் மெஷினில் நிறுத்தச் சொன்னார். ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொள்ள, மெஷினில் என்ன காட்டியது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டாக்டருக்கு அது தேவைப்படவும் இல்லை. "இந்த நோயில எடை குறையவே கூடாதுங்க. போன தசை திரும்ப வராது. யாரு உங்கள நோன்பு வைக்கச் சொன்னது?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். அதற்குள் நீங்கள், குழறிப்போன அந்தக் குரலில், "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் வச்சேன்," என்றீர்கள்.

அடுத்த வாரம் இதழை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில், கரையில் படகுகள் கட்டிக்கிடந்த ஒரு பகலில், நீங்கள் போய்விட்டீர்கள். மூச்சு இழுக்கும் தசைக்கும் உத்தரவு போய்ச் சேரவில்லை.

நாற்பது நாள் கழித்து டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அந்த நோன்பு இல்லாவிட்டால் அத்தா எத்தனை நாள் கூட இருந்திருப்பார் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அத யாராலும் சொல்ல முடியாதும்மா. நோன்பு வைக்காம இருந்திருந்தாலும் இந்த நோய் நின்னிருக்காது," என்றார். கூடவே, "ஆனா வச்சிருக்க வேண்டாம்," என்றார். அவரும் எதையும் விட்டுவிடாமல் சொல்கிறவர்.

இந்த வாரம் வகுப்பில் டீச்சர் செல்லின் படம் வரைந்து, கரைக்கும் பையைக் காட்டி, "இது என்ன வேலை செய்யும், யாராவது சொல்லுங்க," என்றார். வகுப்பே என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். கழுவுகிற தொட்டி என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

எழுதிவிட்டேன் அத்தா. இப்போது இதழைத் திறக்கிறேன்.

கறை கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. விரல் அகலத்தில், மஞ்சளாக, நான் வாசிக்காமல் விட்ட அந்தப் பத்திக்குப் பக்கத்திலேயே. 'நோயாளிகள் தாமாக உணவைக் குறைப்பது ஆபத்து' என்ற வரிக்குக் கீழே ஒரு கோடும் இருக்கிறது. பேனாக் கோடு இல்லை. உங்களால் பேனா பிடிக்க முடியாது. இடது கட்டைவிரல் நகத்தால், வளைந்து வளைந்து இழுத்த கோடு. தடவிப் பார்த்தால் விரலில் தட்டுகிறது.

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நோன்பு தொடங்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஆபத்து என்பதும், நான் மறைத்தேன் என்பதும். தெரிந்தே ஒவ்வொரு மாலையும் எத்தனை செல் கழுவியிருக்கும் என்று கேட்டீர்கள். உங்களுக்கு அந்த நோன்பு வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தான் போட முடியாத மனுஷன், தன்னால் முடிந்த ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவைச் சம்மதிக்க வைக்க என் பொய் உங்களுக்கு உதவியது. நம் இருவருக்கும் நடுவில் ஒரே பொய்தான், அதை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இது என் தப்பைக் குறைக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. குறைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நடுவில் நின்ற அம்மாவுக்குத்தான் இன்றுவரை ஒன்றும் தெரியாது. டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகும் அச்சில் வந்ததையே நம்பி, புத்தகம் சொன்னபடி நோன்பு வைத்ததால்தான் அவ்வளவு நாளாவது இருந்தீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் தன் சர்க்கரை மாத்திரைக் காகிதத்தை என்னிடம் நீட்டி, "என்னா போட்டிருக்கு, படி," என்றாள். பொடி எழுத்தில் அச்சிட்ட கடைசி வரிவரைக்கும் வாசித்தேன். "போதும்டி, தல சுத்துது," என்றாள். நான் நிறுத்தவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அத்தா. அம்புட்டுத்தானா என்ற அந்தக் கேள்வி. எதைப் படித்தாலும் அது முடிகிற இடத்தில் உங்கள் குரல் கேட்கிறது.

நோன்பு வர இன்னும் நான்கு நாள். இன்று இந்த இதழை வீட்டுக்கு எடுத்துப்போய், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பத்தியை வாசிக்கப்போகிறேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். துண்டை அதே பக்கத்தில், அதே கறையின் மேல் வைத்துவிட்டேன்.

"ஏம்மா, மணி ஏழாச்சு. எழுதினது போதும், வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று நூலகர் அக்கா கேட்கிறார். இதழை நீட்டினேன், பெயர் பதிந்து கொடுத்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போகிறார். இதோ, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்.