எக்ஸ்ரே அறைக்குள் ஒருவர் மட்டும்

மார்ச் 4, செவ்வாய்

ஆத்திரம் அடங்கவில்லை. சோறும் இறங்கவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

மதியம் வல்லம் வடகால் ஹாஸ்டல் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டரின் ஹாஸ்டல். சீட்டில் செல்வலட்சுமி, வயது இருபது என்று இருந்தது. இடது முன்கை நன்றாக வீங்கியிருந்தது. பேர் என்ன என்றால் கூட வந்த வார்டன் சந்திரம்மாள் பதில் சொல்கிறாள். எப்படி அடிபட்டது என்றாலும் அவள்தான். "பாத்ரூம்ல வழுக்கி வுயுந்துட்ச்சிம்மா. இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி? படத்த எடு." எக்ஸ்ரே எடுக்குமுன் பெண்களிடம் மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டாக வேண்டும். அதற்கும் அவளே! "அதெல்லாம் கரெக்டா கீது." ஏன், அந்தப் பிள்ளைக்கு வாய் இல்லையா?

நோயாளி மட்டும்தான் உள்ளே என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கையைத் திருப்பி வைத்தபோது "எம்மா, வலிக்கி" என்றாள். நம்ம தெற்கத்திப் பேச்சு. நாகர்கோவிலை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அதைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும். "எந்த ஊரு மக்கா?" என்றேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்து கையை ஊன்றினால் பெரும்பாலும் மணிக்கட்டுதான் போகும். இவளுக்கு முன்கை நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடைந்திருந்தது. அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் உடைகிற இடம். போதாததற்கு, வளர்கிற வயதில் மணிக்கட்டு எலும்பில் தெரிகிற கோடு அப்படியே திறந்து கிடந்தது. டாக்டர் ராஜாமணி படத்தைப் பார்த்ததுமே, "இருபதா? சரியா வயசு சொல்ல முடியாது பெனிஷா. ஆனா இவ சின்னப் பொண்ணு" என்றார். சொல்லிவிட்டு மாவுக்கட்டுப் போட்டு, "அடுத்த செவ்வாய் கண்டிப்பா கூட்டிட்டு வரணும். கை கோணிப்போச்சுன்னா எந்த வேலைக்கும் ஆக மாட்டா" என்று வார்டனை மிரட்டி அனுப்பிவிட்டார்.

எதற்கு அனுப்பினார்? அப்போதே போலீஸைக் கூப்பிட்டால் என்ன?

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

கோயிலில் சாம்பல் பூசி வந்தும் மனம் ஆறவில்லை. டாக்டரிடம் சண்டையே போட்டேன். "அவகிட்ட தனியா பேசணும். உள்ள வேற யார் மாட்டியிருக்காங்கன்னு தெரியணும். அரைகுறையா கிளப்பிவிட்டா ராவோட ராவா எல்லாரையும் வேற எடத்துக்கு மாத்திடுவாங்க. கொழந்தைங்க ஹெல்ப்லைன் 1098ல பேசியிருக்கேன்" என்றார். அதுவரை அவள் அடி வாங்கலாமா என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரி மேனேஜர் பலராமனுக்குப் பாம்புக் காது. "ஏம்மா, நம்ம வேல படம் எடுக்குறது. அந்த கான்ட்ராக்டர் ஆளுங்களுக்கு செக்கப் எல்லாம் நம்மகிட்டதான். வயித்துல அடிச்சிடாத" என்றார். யார் வயிற்றில் யார் அடிப்பது?

மார்ச் 8, சனி

மகளிர் தினமாம். ஆஸ்பத்திரியில் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜா. கொடுத்தவன் அந்த ஹாஸ்டல் கான்ட்ராக்டர்! சவம். அவன் கண் முன்னாலேயே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

நாளைக்குக் கூட்டி வருவார்களா?

மார்ச் 11, செவ்வாய்

வந்தாள்.

வார்டன் எக்ஸ்ரே அறைக்குள்ளும் நுழையப் பார்த்தாள். "எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாள். "கதிர் பட்டா ஒடம்புக்கு ஆகாது, வெளிய இருங்க" என்று கதவைச் சாத்தினேன்.

அடிக்கிறார்களா என்று எடுத்ததும் கேட்காதே, பயத்தில் இல்லை என்றுதான் சொல்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆதார் யாரு கையில இருக்கு மக்கா? நெனச்சா வெளிய போவ முடியுமா?" என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தவள், திடீரென்று கொட்டிவிட்டாள்.

"ஆதாரு, போனு எல்லாம் வாங்கி வச்சிக்கிட்டாவ. ஷிப்டு முடிஞ்சா பூட்டிப் போட்டுருவாவ. ஊருக்குப் போணும்னு அழுததுக்குத்தான் கம்பியால அடிச்சாவ."

அங்கே திரும்பிப் போக வேண்டாம், 1098 ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்றேன். "நான் வரலக்கா. எந்தங்கச்சி உள்ள இருக்கா. நான் போயிட்டா அவளக் கொன்னுருவாவ."

தங்கச்சி! இது தெரியாமல் போலீஸ், போலீஸ் என்று குதித்தேனே.

"மொதல்ல தங்கச்சிய வெளிய எடுத்தா?"

"சத்தியமாவா?"

"சத்தியம் பண்ண என்னால முடியாது மக்கா. அவளத்தான் மொதல்ல எடுக்கணும்னு அடிச்சுச் சொல்லுவேன்."

தலையாட்டினாள். கதவை வார்டன் தட்ட ஆரம்பித்திருந்தாள்.

தங்கச்சியைத்தான் முதலில் எடுக்கணும் என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைப் பிரித்து மறுபடி போட வேண்டும், நேரமாகும் என்று அவர் இருவரையும் உட்காரவைத்துவிட்டார். 1098 ஆட்கள் போலீஸோடு ஹாஸ்டலுக்குப் போனார்கள். வார்டன் போனை எடுக்கும்போதெல்லாம் நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலராமன் ஓடி வந்து, "கட்ட போட்டு அனுப்பி வைங்க டாக்டர்" என்றார். "ஈரக் கட்டோட அனுப்ப மாட்டேன்" என்றார் டாக்டர், அவர் முகத்தைப் பார்க்காமலே.

கடைசியில் ஜீப் வந்தது. அதே சாடையில் ஒரு சின்னப் பிள்ளை இறங்கியது. கட்டுக் கையோடு இவள் ஓடிய ஓட்டம்! நான் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 14, வெள்ளி

கான்ட்ராக்டரையும் வார்டனையும் பிடித்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பற்றி 1098 ஆட்கள் வெளியே விவரம் சொல்ல மாட்டார்களாம், அதுதான் சரி என்கிறார் டாக்டர். பலராமனோ, உன்னால் ஆஸ்பத்திரிக்கு நஷ்டம் என்று காலையிலிருந்து புலம்புகிறார். கை உடைந்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா அந்த வாயிலிருந்து? என்ன மனுசனுவளோ!

ஏப்ரல் 15, செவ்வாய்

கட்டைப் பிரிக்க வந்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. காப்பகத்திலிருந்து கூட வந்த அம்மா தள்ளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வரவேற்பில் புதுப் பெண். "பேர் என்னம்மா?" என்றாள்.

"செல்வலட்சுமி. முன்னாடியே பதிவு இருக்கு" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அது என் பேரில்லக்கா. ஆரோ ஒருத்தி ஆதாரு அது. வேலைக்குச் சேக்கதுக்காவக் குடுத்தாவ."

இத்தனை நாளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் நானும் செபம் செய்திருக்கிறேன். அவளிடம் ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

"நாச்சியார்" என்றாள். "வயசு பதினஞ்சு."