எங்கள் தோட்டத்துக் காப்பி

தை, ஞாயிறு இரவு

காப்பி விலையை மட்டும் நம்ப முடியாதென்று பின்பக்கத்து அறையை வாடகைக்கு விட்டோம். முதல் விருந்தாளிகளாக நேற்று சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இன்று காலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் கொடுத்தோம். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது இந்தத் தோட்டத்துக் காப்பிதானே?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் தயங்காமல் சொன்னார்: "இல்லீங்க, நாகலூர் கடைத் தூளுங்க. நம்முது காய வெச்சு அப்படியே மூட்டையா வித்துருவோமுங்க."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் மானம் போயிற்று. நல்லவேளை, மேசையில் இருந்த தேனைப் பற்றிக் கேட்கவில்லை.

மதியம் அதே ரோஷத்தில் காய்ந்த கொட்டையை ஒரு படி எடுத்து, உரலில் தோல் போக இடித்துப் புடைத்து, இரும்புச் சட்டியில் வறுத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது. அந்தப் பெண் மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் நான்கு பேரும் குடித்தோம். நல்ல கசப்பு. அவர்கள் ஊருக்கு எடுத்துப்போகத் தூள் கேட்டார்கள். இவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

பிறகு காப்பி மூட்டைகளை எடுக்க வியாபாரியின் ஜீப் வந்தது. இவர் ஒரு மூட்டையை மட்டும் ஏற்றவில்லை.

"ஏனுங்க, அது யாருக்கு?" என்றேன்.

"நம்மூட்டுக்குத்தான்" என்றார்.

விளக்கை அணைத்துப் படுத்தும் தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன். இவரும் புரண்டு புரண்டு படுக்கிறார். எங்கள் காப்பி நல்ல காப்பிதான் போலிருக்கிறது.