ஆட்டோடு வந்தவர்கள்

நவம்பர் 6, வியாழன்

இன்றோடு ஆஸ்பத்திரிக்கு விடுப்பு. கடைசியாகப் பார்த்தது ஓர் எருமை. கன்று தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது, தோள் வரை கையை விட்டு இழுத்துப் போட்டேன். சாயங்காலம் அதே கையில் அம்மா மஞ்சளும் எண்ணெயும் பூசி, மஞ்சள் உடுப்பை மாட்டி, மூலையில் உட்கார வைத்துவிட்டார். நிக்காஹ் வரை நான் வாசல் தாண்டக் கூடாதாம். லாகூரே புகைமூட்டத்தில் இருமுகிறது, நான் மஞ்சள் வாடையில் இருமுகிறேன்.

பக்தியார் மர்தானிலிருந்து பேசினான். ஐந்து வருஷம் ஒன்றாக மாட்டு வைத்தியம் படித்தவன், இன்னும் மூன்று நாளில் மாப்பிள்ளை.

"உங்க பஞ்சாபிக் கூத்து எத்தனை நாளைக்கு?"

"உங்க பதான்கள் வானத்தைச் சுடுறதை நிறுத்தட்டும், நாங்க ஆடுறதை நிறுத்துறோம்" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் ஆட்டோடு வாசலில் வந்து நிற்பானாம். அவர்கள் ஊரில் தப்பு செய்தவன் அப்படித்தான் வருவான். அந்த வாசலிலேயே ஆட்டை அறுப்பான். அதற்குப் பிறகு எப்பேர்ப்பட்ட பகையும் தீர்ந்தது, வந்தவனைத் தொடக் கூடாது.

"வா, வா. ஆட்டுக்குப் புழு மருந்து குடுத்தியான்னுதான் முதல்ல கேட்பேன்."

நவம்பர் 8, சனி

மருதாணி இரவு. இந்தப் பக்கம் எங்கள் பெண்களின் டோலக், அந்தப் பக்கம் அவர்கள் வட்டம் கட்டி ஆடும் ஆட்டம். மாடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பக்தியாரின் சித்தப்பா மகன் ஜர்வலி இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவும் வரை. நாலைந்து குண்டு, வானத்தில். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை.

நவீத் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "இது லாகூர்டா! உங்க மலையில போய்ச் சுடு!"

பக்தியார்தான் பிரித்துவிட்டான். அப்பா போன பிறகு இந்த வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். இந்தச் சம்பந்தத்துக்கு அவன் சம்மதிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. நாளை ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

நவம்பர் 10, திங்கள்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நிக்காஹ் நேற்று மாலை முடிந்தது. மூன்று தரம் சம்மதம் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். சாப்பாடு பரிமாறத் தொடங்கினார்கள். தங்கை இக்ரா மேடையேறி, மண்டியிட்டு, பக்தியாரின் காலிலிருந்து செருப்பை உருவினாள். இங்கே எந்தக் கல்யாணத்தில் இல்லை இது? கொழுந்தியா செருப்பை ஒளித்து வைப்பாள், மாப்பிள்ளை கெஞ்சிக் காசு கொடுத்து வாங்குவான். பக்தியார் சிரித்துக்கொண்டே காலை நீட்டினான். ஆனால் அவன் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களிடம் அவன் சொல்லியே வைக்கவில்லை, மடையன்! பெரியவர்கள் முன்னால் மாப்பிள்ளையை வெறுங்காலாக்கி அவமானப்படுத்துகிறார்கள் என்று ஜர்வலி நினைத்துவிட்டான். இக்ராவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி ஒரு தள்ளு. மேடை விளிம்பில் முகம் மோதி விழுந்தாள். முன்பல் இரண்டு போயிற்று.

அண்ணன் இரும்பு நாற்காலியைத் தூக்கினான். ஜர்வலியின் வலது முழங்கை ஒடிந்த சத்தம் மணமகள் அறை வரை எனக்குக் கேட்டது. ஒடிந்த எலும்பின் சத்தம் எனக்குத் தெரியும். அடுத்து வெடிச் சத்தம். இடது கையால் சுட்டிருக்கிறான். அண்ணனின் தொடையில்.

நான் ஓடினேன். கொதிக்கிற குருமா அண்டா கவிழ்ந்து கிடந்தது, யாரோ வெந்துபோய் அலறினார்கள். பக்தியார் ஒற்றைச் செருப்போடு மண்டியிட்டு, தன் மாப்பிள்ளைச் சால்வையால் அண்ணனின் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ரத்தம் நின்றது. அண்ணன் அவன் முகத்தில் காறித் துப்பினான்.

என்னை அனுப்பவில்லை. மனைவியாகிவிட்டேன், ஆனால் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

யார் சுட்டது என்று போலீஸ் கேட்டதற்கு அண்ணன் "தெரியாது" என்றான். அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்தான்.

"போலீஸ் எதுக்கு? கால் ஆறட்டும். அந்த ஜர்வலியோட ரெண்டு கையையும் எடுக்கிறேன். அதுக்குள்ள நீ தலாக் வாங்கிடு."

என் போனைப் பிடுங்கிக்கொண்டான். இவன் ஜர்வலியைக் கொன்றால் ஜர்வலியின் தம்பிகள் இவனைக் கொல்வார்கள். பிறகு? பக்தியார் எந்தப் பக்கம் நிற்பான்? நான்? யா அல்லாஹ்.

நவம்பர் 14, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்த நேரம். தெருவில் சலசலப்பு கேட்டு எட்டிப் பார்த்தேன். என் மாமனார் சமர்குல்லும் இரண்டு கிழவர்களும். கையில் கயிறு, கயிற்றில் ஒரு வெள்ளைக் கிடா. பின்னால் ஜர்வலி, கட்டுப் போட்ட கையோடு. ஒருவரிடமும் துப்பாக்கி இல்லை. பக்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. ஆட்டோடு வந்திருக்கிறார்கள்! என் அறைக் கதவைத் தட்டினேன். வெளியே அண்ணன் போட்ட தாழ்.

அண்ணன் ஊன்றுகோலோடு வாசலில். கூடவே அவன் உடற்பயிற்சிக் கூடத்துத் தடியன்கள்.

"என் தொடையில ஓட்டை போட்டுட்டு, கறிச்சோறு போட வந்தீங்களோ?"

"மகனே, உன் வாசலுக்கு வந்துட்டேன்" என்றார் மாமனார். ஆட்டை அறுக்க இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"கத்தி! கத்தி வச்சிருக்கான்!" என்று ஒரு தடியன் அலறினான்.

அவ்வளவுதான். விழுந்தார்கள் அவர் மேல். ஊன்றுகோல் அவர் காதோடு சேர்த்து இறங்கியது. தலைப்பாகை சாக்கடையில். ஜர்வலி கையை ஓங்கவே இல்லை. "என்னை அடிங்க, என்னை அடிங்க" என்று நடுவில் போய் விழுந்தான். அடித்தார்கள். கட்டுப் போட்ட கையிலேயே அடித்தார்கள்.

நான் போட்ட கூச்சலில் இக்ரா வந்து தாழைத் திறந்தாள். வெறுங்காலோடு இறங்கினேன். கத்தி படியோரம் கிடந்தது. கிடா ஸ்கூட்டருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. கொம்பைப் பிடித்து இழுத்தேன், மெக்கா திசையான கிப்லாவைப் பார்த்துக் கிடத்தினேன், முழங்காலால் அமுக்கினேன். பிஸ்மில்லாஹ், அல்லாஹு அக்பர். ஒரே இழுப்பு. ரத்தம் எங்கள் நிலைப்படி முழுக்க ஓடியது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். அண்ணன் என் மேல் ஊன்றுகோலை ஓங்கினான். கத்தி என் கையில் இருந்தது. அவன் தொண்டையைப் பார்த்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் பார்த்தேன்.

"இவங்க மன்னிப்புக் கேட்டு வந்தவங்க. ஆடு விழுந்தாச்சு, நான் ஏத்துக்கிட்டாச்சு. இனி அடிக்கிறதுன்னா முதல்ல என்னை அடி."

ஊன்றுகோலைத் தாழ்த்தினான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அவங்களோடயே தொலை. எனக்கு இனிமே ஒரே ஒரு தங்கச்சிதான்."

நவம்பர் 15, சனி

மர்தான். உடுத்தியிருந்த உடுப்போடு மாமனார் கூட வந்து சேர்ந்தேன், முன்பக்கம் முழுக்க ரத்தம். மாமியார் வெந்நீர் வைத்தார்.

டிசம்பர் 11, வியாழன்

மாமனாருக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

ஜர்வலியின் தம்பிகள் கூடத்தில் உட்கார்ந்து துப்பாக்கி துடைக்கிறார்கள். ஆட்டோடு போனவரை அடித்தவனைச் சும்மா விட்டால் ஊரில் தலை நிமிர முடியாதாம். மாமனார் ஒவ்வொரு நாளும் அதட்டி உட்கார வைக்கிறார். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் லாகூர் பக்கம் ஒருத்தன் போகக் கூடாது." அவருக்கு எழுபத்தைந்து வயது.

இக்ரா போனில் பேசினாள். பல் கட்டியிருக்கிறாளாம். ஆடு எதற்கு வந்தது என்று அம்மா அண்ணனுக்கு விளக்கிச் சொன்னாராம்.

"என்ன சொன்னான்?"

"சாப்பிட்டுக்கிட்டிருந்தான்க்கா. தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டான்."

ஜனவரி 25, ஞாயிறு

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நாய் குரைத்தது. ஜர்வலியின் தம்பிகள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

அண்ணன். தனியாக. ஒரு கால் நொண்டுகிறது. கையில் கயிறு, கயிற்றில் ஒரு நோஞ்சான் ஆடு. மர்தான் சந்தையில் எவனோ தலையில் கட்டியிருக்கிறான். கத்தி கொண்டுவரவில்லை. கத்தியை உருவினால் என்ன ஆகும் என்று அவனுக்குத்தானே தெரியும். என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமனார் வெளியே வந்தார். அண்ணன் ஏதோ சொன்னான். இடது பக்கம் நின்று சொன்னதால் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று வலது காதைத் திருப்பினார். அப்போதுதான் அண்ணனுக்குப் புரிந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை.

ஜர்வலி போய், மடங்காத வலது கையை விட்டுவிட்டு, இடது கையால் கயிற்றை வாங்கிக்கொண்டான். தம்பிகள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார்கள். மாமனார் கத்தி கொண்டுவரச் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க மாமா."

ஆட்டின் கண் இமையை விரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேர். வயிறு முழுக்கப் புழு. உள்ளே போய் மருந்தை எடுத்து வந்து, யாரையும் கேட்காமல் அதன் வாயில் ஊற்றினேன்.

"மருந்து குடிச்ச ஆட்டை ரெண்டு வாரத்துக்கு அறுக்கக் கூடாது. கறியில மருந்து நிக்கும்."

"அப்ப இவன்?" என்று மாமனார் அண்ணனைக் காட்டினார்.

"ஆடு அறுக்காம எப்படிப் போவான்? இங்கேதான் இருக்கணும்."

பக்தியார் அண்ணனுக்குக் கட்டில் போடப் போனான்.