கேட்டிலிருந்து பதினோரு அடி

அன்புள்ள மகனுக்கு,

அன்புள்ள என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே உங்கப்பா நலம், முழங்கையில் தோல் உரிந்த இடம் மட்டும் காய்ந்துகொண்டு வருகிறது. நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஆண்டவனிடம் கேட்கிறேன், போன வாரம் மூன்று நாள் உன்னை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டேன், நாலாவது நாள் எனக்கே பயமாகிப் போய்ச் சேர்த்துக்கொண்டேன். போனில் சொன்னால் நீ பாதியில் அம்மா ஒரு நிமிஷம் என்பாய், அப்படி முடியாத ஒரு நிமிஷங்கள் இன்னும் பல பாக்கி இருக்கின்றன. கடிதத்தில் அந்த வேலை நடக்காது. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் மண்ணும் குழியுமாக இருக்கிறது, அப்பாவின் சக்கர நாற்காலியை நீங்கள் எப்படித் தள்ளுவீர்கள், நான் கல் பதித்துத் தருகிறேன் என்றாய். போனை வைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன், என் பிள்ளைக்கு அப்பா ஞாபகம் இருக்கிறது என்று. உன்னோடு படித்த கான்ட்ராக்டரை அனுப்பி வைத்தாய். எதைக் கேட்டாலும் மூணு நாள்ல முடிச்சிடலாம்மா என்பான், அதனால் வீட்டில் அவனுக்கு மூணுநாள் என்றே பேராகிவிட்டது. வந்த அன்றைக்கே நான் வரவு செலவு நோட்டை எடுத்து வந்து அதன் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அங்கேதான் வீட்டைப் பற்றியதெல்லாம் எழுதி வைப்பேன், உனக்குத் தெரியும், நீயே கிண்டல் பண்ணியிருக்கிறாய். கேட்டிலிருந்து பதினோரு அடி, மதிலிலிருந்து ஐந்து அடி, பழைய கழிவுநீர்க் குழி, உடைந்த செங்கலும் குப்பையும் போட்டு மூடியது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறது. தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்த வருஷம் அதை மூடினோம், நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். தம்பி, இந்த இடத்தைத் தோண்டி எடுத்து நிரப்பாமல் மேலே ஒன்றும் போடாதே, மேல் மண்ணில் வேரும் மக்கிய இலையும் இருக்கிறது, அதையும் ஒரு அடிக்கு வாரி எடுத்துவிட்டு ஜல்லி போட்டு இறுக்கு, தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் கேட் பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு வை என்றேன். இதெல்லாம் நான் நூலகத்தில் ஒரு தடி இங்கிலீஷ் புத்தகம் எடுத்து வந்து படம் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தது. அவன் பெரிதாகத் தலையாட்டிவிட்டு உனக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டான். நான் அவனுக்கு டீ எடுத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அம்மா அப்படித்தான்டா, சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு உன் வேலையைப் பாரு, மேல கல்லு பளிச்சுன்னு தெரிஞ்சா போதும். இதுதான் நீ சொன்னது. ஒரு எழுத்து மாறவில்லை. அவன் திரும்பிப் பார்த்து முகம் வெளுத்துப்போனான், நான் டீயைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கே போனில் உன்னைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும், விட்டது என் தப்பு.

சொன்னால் சொன்னபடி மூன்று நாளில் முடித்தான், அதற்கு மட்டும் வாக்கு சுத்தம். இருந்த மண்ணைத் தட்டி விட்டு அதன் மேல் நாலு விரல் மணலைப் பரப்பிக் கல்லை அடுக்கிவிட்டான். பார்க்க அழகு, பொய் சொல்ல மாட்டேன், எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். அவன் போட்டோ எடுத்தான், பாதையை எடுத்தான் சரி, மாடியை எதற்கு எடுக்கிறாய், குளியலறையை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டேன், சும்மா உங்க பையனுக்கு அனுப்பத்தாம்மா என்றான். நானும் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

வேலை முடிந்த பதினைந்தாம் நாள் மழை, இரண்டு நாள் விடாமல் பெய்தது. விட்டதும் உங்கப்பா கேட்டைக் காட்டினார், தெருவைப் பார்க்க வேண்டுமாம். தள்ளிக்கொண்டு போனேன். பதினோராவது அடியில் வலது பக்கச் சின்னச் சக்கரம் தடக்கென்று உள்ளே போனது, நாற்காலி சாய்ந்தது, அவர் என் மேல் விழுந்தார், நாங்கள் இரண்டு பேரும் கல்லின் மேல் விழுந்தோம். அவர் எடை என்ன, என் எடை என்ன. எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து தூக்குகிற வரைக்கும் அப்படியே கிடந்தோம். உங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வாயில் வருவதே நாலைந்து வார்த்தைதான், அதில் ஒன்றை அன்றைக்குச் செலவழித்தார். அந்தப் பள்ளத்தைப் பார்த்து, தோண்டு, என்றார்.

மூணுநாளைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லம்மா, மண்ணு செட்டில் ஆகுது, அவ்வளவுதான் என்றான். நீ வெளிநாடு போன நாளிலிருந்து நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பையன் செட்டில் ஆகிட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவன் பாஷையில் அடியில் ஒன்றும் இல்லாமல் இறங்கிப் போவதற்குப் பேர் செட்டில். அதோடு விட்டானா, எதுக்கும்மா நீங்க இதுக்குப் போய்க் கவலைப்படறீங்க, அடுத்து வர்றவங்க பாத்துக்குவாங்க என்றான். யார் அடுத்து வருகிறவர்கள் என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு எல்லாம் வந்தது, நீ வீட்டை விற்க ஆள் பார்க்கிறாயாம், அந்தப் போட்டோ எல்லாம் அவர்களுக்குக் காட்டத்தானாம்.

அதே வாரம் உன் தபாலும் வந்தது. பேங்க் வேலையா ஒரு தாள் அனுப்பறேன், கடைசிப் பக்கத்துல மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கம்மா, படிச்சா உங்களுக்குப் புரியாது என்றாயே. புரியாதுதான். இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன், தெரியாத சொல்லையெல்லாம் நோட்டில் எழுதினேன், அறுபத்திரண்டு சொல். அது பேங்க் தாள் இல்லை. என் பேரில் இருக்கும் இந்த வீட்டை விற்க உனக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம். மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்கள், எல்லை எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார்கள், கிணறு கூட இருக்கிறது. உங்கப்பாவையும் என்னையும் எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறாய் என்று ஒரு வரி இல்லை. அப்பாவின் நாற்காலியைச் சொல்லி என்னை அழவைத்தாயே, அதுதான் பொறுக்கவில்லை. வீடு விற்க வேண்டும் அம்மா, எனக்குக் கஷ்டம் என்று நேராகக் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன், கேட்காமல் கொடுத்தவைதான் உனக்கு எத்தனை.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். அடுத்த தெருவில் ரோடு போடும் வேலை நடக்கிறது, அங்கே ஜல்லி பரப்பும் கூட்டத்துக்குத் தலைவியாக ஒரு பெண், எல்லாரும் ஜல்லிக்கா என்கிறார்கள். அவளைப் போய்க் கூட்டி வந்தேன். கடப்பாரையை எடுத்து அந்தப் பள்ளத்தில் ஒரு குத்து விட்டாள், முழங்கை அளவுக்கு இறங்கியது. என்னக்கா இது, தரையா மெத்தையா, தலகாணி மட்டும்தான் கொறச்சல் என்றாள். இதைப் போட்டவன் மூணு நாள்ல முடிச்சானா என்றாள், எப்படித் தெரியும் என்றால், இதுக்கு மூணு நாளே அதிகம் என்றாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. நான் நோட்டைக் காட்டினேன். அவள் கிண்டல் பண்ணவில்லை, டேப்பை எடுத்துக் கேட்டிலிருந்து அளந்தாள், பதினோரு அடி, ஒரு விரல் கூடக் குறைச்சல் இல்லை.

கல்லையெல்லாம் பெயர்த்து மதில் ஓரம் அடுக்கினார்கள். குழியில் இருந்த மக்கிய குப்பையை அடி மண் கெட்டியாகத் தட்டுப்படும் வரைக்கும் வாரி வெளியே போட்டார்கள், உன்னுடைய ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது, கழுவிக் காய வைத்திருக்கிறேன். பாதை முழுக்க மேல் மண்ணை ஒரு அடிக்கு எடுத்தார்கள். பிறகு ஜல்லி, ஒரே தடவையில் கொட்டக் கூடாது, நாலு அங்குலம் போட்டுத் தண்ணீர் தெளித்து இடிக்கும் மெஷினை ஓட்ட வேண்டும், மறுபடி நாலு அங்குலம், மறுபடி தண்ணீர், மறுபடி இடி. உங்கப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை ரேடியோ கேட்பதுபோல் கேட்டார். ஒவ்வொரு அடுக்குக்கும் நான் இறங்கிக் குதிகாலால் மிதித்துப் பார்த்தேன், ஜல்லிக்கா, அக்கா ஆடினது போதும், மெஷினுக்கு வழி விடுங்க என்பாள். இரண்டு பக்கமும் ஓரக்கல்லுக்கு சிமென்ட் போட்டு நிறுத்தி, மேலே கல் தூள் பரப்பி, அதே கல்லைத்தான் திரும்பப் பதித்தாள். கல்லில் ஒரு குற்றமும் இல்லை. முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைப் படி ஓரம் ஊற்றினேன், அது நேராகக் கேட்டுக்கு ஓடி வெளியே போனது. ஒன்பது நாள் ஆனது. போட்டோவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் எடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் உங்கப்பாவைத் தள்ளிக்கொண்டு போனேன். பதினோராவது அடி வந்ததும் என் கை தானாக இறுகியது, அவர் கையும் இறுகியது. ஒன்றும் ஆகவில்லை, தாண்டிவிட்டோம். தெருவைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், திரும்பும்போது உன்னைக் கூப்பிடும் செல்லப் பேரைச் சொன்னார். உன் திருட்டு வேலை எதையும் அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், அது உனக்காக இல்லை.

பேத்திக்கு சளி விட்டதா, காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பச் சொல். மருமகள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆண்டவன் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும், உனக்குக் கூடுதலாகக் கொஞ்சம் வெட்கமும் கொடுக்கட்டும். மறக்காமல் ஒன்று. அந்தப் பத்திரத்தை இதே உறையில் மடித்து வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீ பென்சிலால் போட்டிருந்த பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துவிட்டேன். கேட்பதானால் உங்கப்பா எதிரில் வந்து நின்று கேள். வண்டி படி வரைக்கும் வரும், தரை தாங்கும். என் கையெழுத்து இப்போதைக்கு இந்த ஒரு இடத்தில்தான்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் இருக்கும்
உன் அம்மா