அப்பா செய்த ரம்ப மிஷின்

அன்பு மகள் அறிவுமதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த வெயில் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நடராஜர் துணை நிற்கட்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, புவனகிரி ரோட்டு வாடியில் மர வியாபாரமும் மோசமில்லை. அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். லால்பேட்டை ஜமால் பாய் மகன் தோஹாவுக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டு அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலைக்கு நடுவில் படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

மரம் விழுந்து கிடக்கிற இடத்துக்கே டிராக்டரில் இழுத்துக்கொண்டு போய் அறுக்கிற மாதிரி ஒரு ரம்ப மிஷின் வேண்டும் என்று தையிலிருந்து நம் வீட்டில் பேச்சு நடந்தது உனக்குத் தெரியும். புளி, பலா மாதிரி வைரம் பாய்ந்த மரத்தைக் கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றி மில்லில் வரிசையில் காத்துக் கிடப்பதற்குள் லாபம் கரைந்துபோகிறது. நீ வாங்கிவிடு என்று வீடியோ எல்லாம் அனுப்பினாய். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “ரெண்டு சக்கரம், ஒரு இன்ஜினு, நடுவுல ஒரு ரம்பப் பட்டை, இதப் போயி கடையில வாங்குவாங்களா, அப்ப செம்மங்குப்பம் கம்பெனியில நான் பிட்டர்னு பேரு வச்சிக்கினு என்னாத்த புடுங்கினேன்” என்று கேட்டார். நானும் யோசித்தேன். செய்வது மலிவுதான், ஆனால் செய்து முடித்தால்தான் மலிவு. கடை மிஷினுக்குப் பட்டை இழுவிசை, மூடி, சாமான் எல்லாம் கச்சிதமாக இருக்கும், பழுதானால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருகிற வரை தொழில் நிற்கும். வீட்டில் செய்ததற்கு அந்தக் கவலை இல்லை, செய்தவர் கூடவே இருப்பார். அப்படி நினைத்துத்தான் செய்யுங்கள் என்றேன். செய்தவரே பழுதாவார் என்று எந்த வியாபாரி நினைப்பாள், சொல்லு.

பழைய கார் சக்கரம் இரண்டு, பம்புசெட்டு இன்ஜின் ஒன்று, தண்டவாளம் மாதிரி ஆங்கிள் இரும்பு எல்லாம் கடலூரில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட வேலை பார்த்த லூர்துசாமி அண்ணன் தினமும் வந்து துணைக்கு நின்றார். “மச்சான், ரம்பம் செய்யிறியா ரயில் உடறியா” என்று அவர் கிண்டல் பண்ண, “உனக்குத்தான் மொத டிக்கெட்டு, வித்தவுட்ல வந்து பழகினவனாச்சே” என்று இவர் சொல்ல, வாடியே சிரிப்பாகக் கிடந்தது. சித்திரை கடைசியில் ஓட்டிப் பார்த்தார்கள். புளியமரம் ஏற்றினார்கள். புளி என்றால் நம் பக்கத்தில் என்ன செய்வோம் என்று உனக்கே தெரியும். பேய் ஓட்டுகிறவர்கள் உச்சி முடியைப் பிடுங்கி ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், மரம் வளர்ந்து ஆணியை விழுங்கிவிடும், பட்டை மேல் ஒரு தடமும் இருக்காது. அதற்காக ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மரத்தைச் சுற்றி இழுத்து, ஒட்டுகிற இடத்தில் சாக்பீஸ் குறி போடுவது இந்த வாடியில் அப்பா கொண்டுவந்த பழக்கம். அன்றைக்கும் காந்தம் போட்டார், ஒரு கட்டையைப் பார்த்துக் குறி போட்டுவிட்டு வேறொரு கட்டையை ஏற்றச் சொல்லிவிட்டார். பாதி அறுப்பில் உள்ளே இருந்த ஆணியில் பட்டு ரம்பப் பட்டை வெடித்து அறுந்து தகரத்தில் போய் அடித்தது. சாமி புண்ணியம், யார் மேலும் படவில்லை.

பட்டை போனால் போகட்டும், அதற்கு நான் கலங்கவில்லை. லூர்துசாமி அண்ணன் உளியால் நோண்டி ஆணியை எடுத்தார், சுற்றிலும் மரம் கறுத்துப் போயிருந்தது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “புளியமரத்துக்குள்ள எப்டிடா ஆணி வந்துது” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று அண்ணன் சிரிக்கப் போனார், அப்பா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

புதுச்சேரியில் டாக்டரிடம் காட்டினேன். ஞாபகம் குறைகிற நோய், கூடிக்கொண்டுதான் போகும், மாத்திரை கொஞ்சம் தாக்குப்பிடிக்க வைக்கும் என்று சொன்னார். உன்னிடம் ரத்த அழுத்தம் பார்க்கப் போனோம் என்று சொன்னது அதற்காகத்தான், கோபித்துக்கொள்ளாதே. அதன் பிறகும் காலையில் எழுந்து மிஷினிடம்தான் போவார். காலையில் முடுக்கிய போல்ட்டைச் சாயங்காலம் கழற்றுவார், எவனோ தப்பாக மாட்டியிருக்கிறான் என்று திட்டுவார். ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் மாட்டி விட்ட பட்டையை நம்பி ஒருத்தனை அதன் முன்னால் நிற்கவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ காட்டிய மிஷினையே வாங்கிவிட்டேன்.

லாரியில் வந்து இறங்கியபோது, அவர் மனசு உடைந்துவிடுமே என்று நான் உள்ளேயே நின்றுகொண்டேன். அவர் மெதுவாகச் சுற்றி வந்து வெல்டிங் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, “சுத்தமா போட்டுருக்கான், யாரு கைடா இது” என்று கேட்டார். லூர்துசாமி அண்ணன் யோசிக்கவே இல்லை, “உன் கைதான் மச்சான், வேற எவன் போடுவான்” என்று சொல்லிவிட்டார். அப்பா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார் பார், எத்தனையோ நாள் கழித்து அப்படி ஒரு சிரிப்பு. வேங்கையைத் தேக்கு என்று சொல்லி ஒரு துண்டு விற்காதவள் நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ஆனால் வாடியில் மிஷின் இரண்டு நின்றது. அவருடையதைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்பார், பக்கத்தில் போவார், திரும்பி வருவார். ஒன்று இருக்க வேண்டுமானால் ஒன்று போக வேண்டும். அவரை முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போகும்படி லூர்துசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு, அவர் நிஜமாகவே செய்ததைப் பழைய இரும்புக்காரனுக்கு ஏற்றிவிட்டேன். விறகு சுமந்து விற்ற காலத்திலிருந்து எத்தனையோ பாரம் ஏற்றி இறக்கியிருக்கிறேன் அறிவு, அந்த வண்டி கிளம்பியபோது மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது சரியா என்று உன்னைக் கேட்கவில்லை, வேறு வழி இருந்தால் செய்திருப்பேன்.

இப்போது மிஷின் நன்றாக ஓடுகிறது, லூர்துசாமி அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அப்பா நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் தான் செய்தது என்று காட்டுகிறார். நீ மருந்தைத் தேடிக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்காதே, குழந்தைக்கு நேரத்துக்குச் சோறு கொடு, மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லு, லீவு கிடைத்தால் தள்ளிப்போடாமல் வா. இன்னும் உன்னைத் தெரிகிறது, அவருக்கு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ அப்பா சார்பிலும் சேர்த்து நானே ஆசீர்வாதம் செய்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. நேற்று சிதம்பரம் ஆசாரி ஒருவரிடம், “எம் பொண்ணு இன்ஜினியரு, அவ ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா, நான் முடுக்கினேன், ரெண்டு பேருமா சேந்து செஞ்சோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ அடுத்த தடவை கூப்பிடும்போது உன்னிடமும் கேட்பார். ஆமாம்பா என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்தம்மாள்