வண்டி ஏறாமல் பூம்பாறைக்கு

5 ஜனவரி 2025, ஞாயிறு

இதை இங்கே எழுதாவிட்டால் வேறெங்கும் சொல்ல முடியாது. சைக்கிள்காரர்கள் போடுகிற பஞ்சு வைத்த டவுசர் ஒன்று வாங்கினேன். அந்தப் பஞ்சு முன்பக்கம் வரவேண்டும் என்று நினைத்துவிட்டேன். மானம் காக்க ஏதோ ஏற்பாடு போலிருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, எங்கள் ஏரியா கோச்சடையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். மூன்று பேரும் வானத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

வாசலில் அன்னக்கொடி நின்றிருந்தாள். இருபத்தாறு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள். "ஏங்க, அது உக்காருற எடத்துக்கு" என்றாள். அப்புறம் உள்ளே போய், என் கடையில் அடுக்கு சரிந்தால் வருமே, அந்தச் சத்தத்தில் சிரித்தாள். (பழங்காநத்தத்தில் பாத்திரக்கடை. சத்தம் எனக்கு அத்துப்படி.)

வயது ஐம்பத்தொன்று. எடை — சொந்த டைரி என்றாலும் சொல்வதாக இல்லை.

8 ஜனவரி, புதன்

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய். போன ஜூலையில் அன்னக்கொடிக்குக் கழுத்துக் கட்டி ஆபரேஷன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், வராந்தாவில் நின்று, "முருகா, இவ நல்லபடியா வரட்டும், வண்டி ஏறாம பூம்பாறைக்கு வாரேன்" என்றேன். மனசுக்குள் சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் அவள் தம்பி வீரணன். அவன் காதில் விழுந்தால் மைக்கில் விழுந்த மாதிரி.

பூம்பாறை, கொடைக்கானலுக்கும் மேலே. இதோ இருக்கிற திருப்பரங்குன்றத்தைச் சொல்லியிருந்தால் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருப்பேன். அங்கேயும் அதே முருகன்தான். பதட்டத்தில் தூரத்து முருகன் வாயில் வந்துவிட்டார்.

அன்னக்கொடி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "எனக்காக வாய விட்டுட்டு ஆறு மாசமா கல்லாவுல உக்காந்திருக்கீகளே?" இந்த மாதம் மறுபடி ஸ்கேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரலால் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். நான் தூங்குகிறேன் என்று அவள் நினைப்பு.

அம்புட்டுத் தூரம் நடக்க என்னால் ஆகாது. அதனால்தான் சைக்கிள். மதுரையில் "வண்டிய எடு" என்றால் எவனாவது சைக்கிளை எடுப்பானா? ஆகவே சைக்கிள் வண்டியல்ல. நானே வக்கீல், நானே நீதிபதி.

12 ஜனவரி, ஞாயிறு

தீர்ப்பை எதிர்த்து வீரணன் அப்பீல்.

"மச்சான், சைக்கிளுக்குத் தமிழ்ல என்ன?"

"சைக்கிள்தான், மாப்ள."

"பள்ளிக்கூடப் புத்தகத்துல என்ன போட்டுருந்துச்சு? மிதிவண்டி! வண்டியா இல்லையா? மாட்டுனீகளா?"

எனக்கு வேர்த்துவிட்டது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சத்யப்ரியா போனில்தான் இருந்தாள். "அப்பா, ஈருருளின்னும் சொல்லலாம்ப்பா" என்றாள். படிக்க வைத்தது வீண்போகவில்லை! "அம்புட்டுத்தான். நான் ஈருருளியில போறேன்" என்றேன்.

"முருகன் தமிழ்க் கடவுள், மச்சான். அவருக்கு ரெண்டு வார்த்தையும் தெரியும்."

அன்னக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. "வேண்டுதல்ல ஓட்டையெல்லாம் தேடாதீக. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

21 ஜனவரி, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தாயிற்று. போகும்போதும் வரும்போதும் இருவரும் தக்காளி விலையைப் பற்றியே பேசினோம்.

23 ஜனவரி, வியாழன்

ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் வருமாம். அன்னக்கொடி சொன்னாள். அப்படியானால் திங்கட்கிழமைக்குள் பூம்பாறையில் நிற்கவேண்டும். முருகனுக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டுமல்லவா. நாளைக்குக் கிளம்புகிறேன்.

24 ஜனவரி, வெள்ளி. வத்தலக்குண்டு

கிளம்பும்போது கவனித்தேன், இன்று அவள் கழுத்தைத் தடவவில்லை. என்னை வழியனுப்பத் தைரியமாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலக்கால், சோழவந்தான், நிலக்கோட்டை. தென்னந்தோப்புக் காற்று. எல்லாம் சமதளம். நானே ஒரு வீரன் என்று நினைக்க வைத்துவிட்டது சமதளம். லாட்ஜில் மாடி அறை கொடுத்தார்கள். மாடிப்படி ஏறியபோது உண்மை தெரிந்தது.

25 ஜனவரி, சனி. ஊத்து

மலை என்று படத்தில் பார்ப்பது வேறு.

இந்தச் சைக்கிளில் இருபத்தொரு கியர் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். எனக்குத் தெரிந்து இரண்டுதான்: கஷ்டம், ரொம்பக் கஷ்டம். நாலாவது வளைவில் இறங்கியவன், அதற்கப்புறம் ஏறியதைவிடத் தள்ளியதுதான் அதிகம்.

குடியரசு தின லீவுக்கு ஊரே காரில் மலை ஏறுகிறது. ஒரு காரில் ஜன்னலை இறக்கி "சூப்பர் அங்கிள்!" என்று கத்திவிட்டுப் போனார்கள். இரண்டு வளைவு தள்ளி அதே காரை ஓரங்கட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு, "மெதுவா வாங்க" என்று சொல்லிக் கடந்தேன். வாழ்நாளில் நான் ஒரு காரை முந்தியது இன்றுதான்.

ஊத்து என்கிற இந்த ஊரில் டீக்கடை வைத்திருக்கும் செல்லக்கிளி என்ற அம்மாவிடம் வழக்கைச் சொன்னேன். வண்டியா, வண்டி இல்லையா? டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அந்த வளைவுலருந்து ஒங்களப் பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். நீங்க சைக்கிள்ல வரல. சைக்கிள்தான் ஒங்களத் தள்ளவிட்டு வேண்டுதலுக்குப் போகுது."

வழக்கு தள்ளுபடி.

26 ஜனவரி, ஞாயிறு. பெருமாள்மலை

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் இடது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். காய்கறி ஏற்ற மேலே போகும் காலி லாரி ஒன்று நின்றது. "ஏறுங்கண்ணே, சைக்கிளப் பின்னாடி போட்ருவோம்." சுற்றுமுற்றும் பார்த்தேன். வீரணன் இல்லை. படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். வைத்தேன், ஆமாம்!

அந்த நேரம் பார்த்துப் போன்.

"எங்கிட்டு இருக்கீக?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "லாரிப் படியில" என்றேன்.

"ஏறிக்கங்க. போதும். முருகன் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றாள்.

கொசுறுக் கறிவேப்பிலைக்குக் கால்மணி நேரம் வாதாடுகிறவள் — இம்புட்டு லேசாக விட்டுவிடுகிறாளா? ஓட்டை தேடாதீர்கள் என்றவள்தானே? அப்படியென்றால் அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. ரிப்போர்ட் வந்துவிட்டது. நல்லதாயில்லை. இனி வேண்டி என்ன, விட்டு என்ன என்று…

"ரிப்போர்ட் வந்துருச்சா?" என்றேன்.

"அதான் நாளைக்குன்னு சொன்னேன்ல" என்று டக்கென்று வைத்துவிட்டாள்.

காலை இறக்கினேன். லாரிக்காரர் போய்விட்டார். முழங்காலில் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளினேன். மூக்கைச் சிந்திச் சிந்தித் தள்ளினேன். குளிருக்கு என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். முருகா, நான் கிண்டல் பண்ணியதையெல்லாம் மனசுல வச்சுக்காத, அந்த ஈருருளி விஷயத்தை மட்டுமாவது மன்னிச்சுரு என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தேன்.

27 ஜனவரி, திங்கள். பூம்பாறை

சாயங்காலம் வந்து சேர்ந்தேன். படிக்கட்டு மாதிரி பூண்டு வயல்கள், நடுவில் ஊர், ஊருக்குள் முருகன். சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். கேட்க வேண்டியதெல்லாம் வழியிலேயே கேட்டு முடித்துவிட்டதால் சும்மா நின்றேன்.

வெளியே வந்ததும் போன்.

"நல்லா இருக்காம்ங்க! ஒண்ணுமே இல்லையாம்!"

பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மூட்டைக்குச் சொந்தக்காரர், "அண்ணே, நசுங்கிரும்" என்றார். எழுந்து நின்று அழுதேன்.

28 ஜனவரி, செவ்வாய்

பஸ்ஸில் திரும்பினேன். வேண்டுதல் போவதற்குத்தான். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்தேன்.

30 ஜனவரி, வியாழன்

கடையில் வியாபாரம் இல்லை, கூட்டம் மட்டும். இட்லிச் சட்டி வாங்க வந்தவர்களுக்கும் லாரிக் கதை சொன்னேன். லாரிப் படியில் வைத்த காலை, மூன்றாவது தடவை சொல்லும்போது, தரையைவிட்டுத் தூக்கவே இல்லை என்று மாற்றிவிட்டேன். "சரியா நீங்க போய் நிக்கவும் ரிப்போர்ட் வரவும்!" என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீரணன் மட்டும் என்னைப் பார்க்காமல் சிரித்தான். பொறாமை.

2 பிப்ரவரி, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் புத்தகம் தேடப் பீரோவைக் குடைந்தேன். சேலைக்கு அடியில் ஸ்கேன் கவர். மேலே, வாங்கிக்கொண்டதற்கு அன்னக்கொடியின் கையெழுத்து, அவளுடைய கோழிக் கிறுக்கல். உள்ளே எல்லாம் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறது. மறுபடி படித்தேன்.

கொல்லையில் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளிடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். "லாரி நின்னு கூப்புட்டும் ஏறலயே அந்த மனுசன்! நானே ஏறச் சொல்லியும் ஏறலயே, மதினி!"

கவரை எடுத்த இடத்திலேயே வைத்து, சேலையை மடிப்புக் கலையாமல் மூடினேன். கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை.

ரிப்போர்ட்டிலும் அவள் கையெழுத்துக்குக் கீழேயும் தேதி ஜனவரி 22, புதன்கிழமை. நான் கிளம்பியது வெள்ளிக்கிழமை.