புதன்கிழமை தோல்விகள்

நேற்று விழுப்புரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. மல்லாட்டைக் கடலை மூட்டைகளின் மேல் நனைந்த படுதா. வெயில் பட்டு அதிலிருந்து எழுந்த வாடை, நம் படகின் பாயை மடிக்கும்போது வருமே, அதே வாடை. ஈரத்துணி, கொஞ்சம் பாசி, கொஞ்சம் பூஞ்சணம். என் பஸ் வந்தது, ஏறாமல் நின்றுவிட்டேன். அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு யாரையும் நினைத்துப் பார்ப்பது சுலபமாக இல்லை.

திண்டிவனத்தில் பாய்மரப் படகுப் பந்தயம் நடந்தது என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. கடல் ஏது என்கிறார்கள். ஏரியில் என்றால் சிரிக்கிறார்கள். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் இரண்டு படகுகளையும் நம் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கப்பலில் ஏற்ற முடியாததால் வந்த தாராளம். ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில், புதன்கிழமைகளில், ஆபீஸ் விட்ட பிறகு பந்தயம். நடுவில் மிதக்கும் தார்ப் பீப்பாயைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். மொத்தமே இரண்டு படகு என்பதால், தோற்றவரை இரண்டாவதாக வந்தவர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் சுக்கான் பிடிப்பீர்கள். காற்று படகை ஒரு பக்கம் சாய்த்தால் மறுபக்கம் போய் உட்காருவது என் வேலை. மீதி நேரத்தில் டப்பாவால் தண்ணீர் இறைக்க வேண்டும். "வக்கீலே, உங்ககிட்ட எனக்குப் புடிச்சதே உங்க எடைதான்" என்பீர்கள். கோர்ட்டில் என்னை அந்த அளவுக்கு நம்பியவர்கள் இல்லை.

எதிர்ப்படகு உங்கள் மேலதிகாரியான பெரிய என்ஜினியருடையது. விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் வருவார். ஜீப்பை ஓட்டிவந்த டிரைவரே படகிலும் உதவிக்கு ஏறவேண்டும். அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. அது அவருடைய வேலைக்குத் தடையாகக் கருதப்படவில்லை. எல்லாப் புதன்கிழமையும் பெரியவர்தான் ஜெயித்தார். நீங்கள் அவரைவிட நன்றாக ஓட்டுவீர்கள் என்பது கரையில் மேய்ந்த எருமைகளுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் தோற்பது உங்களுக்கு அத்தனை கடினமான வேலையாக இருந்தது.

அந்த வருஷம் உங்களுக்கு மாற்றல் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டது. ராமநாதபுரம். உங்கள் வீட்டில் அப்போது முழுகாமல் இருந்தார்கள். முன்பு இரண்டு முறை கைக்கு எட்டாமல் போயிருந்தது. இந்த முறை பஸ்ஸோ ரயிலோ கூடவே கூடாது, தன் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தை பிறக்கும் வரைக்குமாவது மாற்றலை நிறுத்திவைக்கப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்பினீர்கள். உங்கள் மனைவியும் நம்பினார்கள். புதன்கிழமை நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது, "தோத்துட்டீங்க இல்ல?" என்று கேட்பார்கள். "தோத்துட்டேன்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் காபி வரும்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உத்தரவே வந்துவிட்டது. மறுநாள் படகில் ஏறும்போது, "இன்னைக்கு நல்லாத் தோத்துட்டு, கரையிலயே கேட்டுடறேன் வக்கீலே" என்றீர்கள். மதகு திறந்து பாசனத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம். பீப்பாய்க்கு இந்தப் பக்கம் மேடு தட்டும் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எப்போதும் ஜெயிக்கிறவர்கள் தண்ணீரின் ஆழத்தைப் பார்ப்பதில்லை.

"ஐயா, அடியில தட்டுதுங்க" என்றார் டிரைவர்.

"சும்மா வாய்யா. பயந்துக்கினே வராதே."

பெரியவரின் படகு சேற்றில் உட்கார்ந்தது. நாம் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தோம். காற்றும் நமக்குச் சாதகமாக இருந்தது. அன்று பார்த்து அதற்கு நம்மேல் அக்கறை. பாயைத் தளர்த்தினீர்கள். படகு போய்க்கொண்டே இருந்தது. சுக்கானைத் திருப்பி ஒரு வட்டம் அடித்தீர்கள். பெரியவர் எழுந்து நின்று, "என்னா சார் சுத்திக்கினு இருக்கீங்க? கோயிலா இது? போங்க சார்" என்றார்.

நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினீர்கள். இடுப்புவரை சேறு. என்னைப் பார்த்தீர்கள், நானும் இறங்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து எதிரியின் படகைத் தள்ளி விட்டோம். டிரைவர் மெதுவாக, "நானும் எறங்கட்டுங்களா?" என்றார். "வேணாம்பா, நீ ஒருத்தனாவது காஞ்சிரு" என்றீர்கள். பெரியவர் போய் ஜெயித்தார். பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

கரையில் பஜ்ஜி சூடாக இருந்தது. சேறு சொட்டச் சொட்ட நின்று நீங்கள் கேட்டீர்கள். வீட்டு நிலைமை, டாக்டர் சொன்னது, மூன்று மாதம் போதும் என்பது, எல்லாவற்றையும் சொன்னீர்கள். பெரியவர் பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"உங்களுது மெட்ராஸ்ல போட்ட ஆர்டர் சார். என் கையில ஒண்ணுமில்ல. எனக்கே வந்திருக்கு, தெரியுமா? கோயமுத்தூருக்கு. அதை நிறுத்தணும்னு சனிக்கிழமை சனிக்கிழமை கடலூர் போயி, பெரிய இடத்துல டென்னிஸ் தோத்துக்கினு இருக்கேன். இந்தப் புதன்கிழமைதான் எனக்கு மிச்சம்."

அதற்குமேல் அவர்மேல் கோபப்படக்கூட உங்களால் முடியவில்லை. "பஜ்ஜி ஆறிடப் போவுதுங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில், "வீட்ல என்ன சொல்றது?" என்றீர்கள். வாசலுக்கு வரும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தோத்துட்டீங்க இல்ல?"

நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, "தோத்துட்டேன்" என்றீர்கள்.

"நல்லதாப் போச்சு. வக்கீல் அண்ணனும் வந்திருக்காரா? ரெண்டு பேரும் காலைக் கழுவிக்கினு வாங்க, காபி தர்றேன்."

குடித்தோம். மறுநாள் காலையில்தான் உத்தரவைப் பற்றிச் சொன்னீர்களாம். கேட்டுக்கொண்டு, "அப்ப நேத்து ராத்திரி ஒண்ணாச்சும் நல்லாத் தூங்கினேனே" என்றார்களாம்.

நீங்கள் தனியாக ராமநாதபுரம் போனீர்கள். உங்கள் மனைவி என் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். சித்திரை வெயிலில், அதே லேடி டாக்டரின் கையில், உங்கள் மகள் பிறந்தாள். ரயிலில் வந்து இறங்கிய நீங்கள் குழந்தையைக் கையில் வாங்கத் தயங்கி, என்னை முதலில் வாங்கச் சொன்னீர்கள். கொஞ்ச நாளில் கிளப்பில் இரண்டு படகையும் தண்ணீர்த் தொட்டி செய்கிறவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏலம் நல்லபடியாக முடிந்ததென்று ஒரு தீர்மானம் வேறு போட்டார்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகள் ஒருமுறை என்னிடம் கேட்டாள். "எங்கப்பா படகுல ஒரு தடவையாச்சும் ஜெயிச்சாராங்க மாமா?"

"இல்லம்மா."

அவள் முகம் வாடிப்போனது. மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளை அம்மா கூப்பிட்டார்கள்.

பொய்களோடுதான் நான் பிழைப்பு நடத்தினேன். அவை எத்தனை விதம், எந்தெந்த இடத்தில் எது செல்லும் என்று எனக்கு ஓரளவு தெரியும். உண்மையைப் பெரும்பாலும் அடுத்தவர்மேல் வீசுவதற்குத்தான் எடுப்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சேற்றுக் காலோடு நின்று, ஒரு எழுத்துக்கூடப் பொய் கலக்காமல், பயந்துகிடந்த ஒரு பெண்ணை ஓர் இரவு தூங்கவைத்த அந்த ஒற்றைச் சொல்லை, அதற்குமுன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அது என்னிடம் இருக்கிறது. யாருக்காவது சொல்ல வேண்டி வருமோ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.